சேவலைப் பெற்ற பெட்டை

வியாழக்கிழமைதோறும் கூடும் அய்யலூர்ச் சந்தையில், சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்களைச் சுற்றிப் பொழுது புலர்வதற்கு முன்பே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். கழுத்தின் நீளம், காலின் கனம், இறகின் மினுமினுப்பு ஆகியவற்றைப் பற்றி அங்கே நடக்கும் சம்பாஷணையைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், நானும் நின்றிருக்கிறேன். ஆனால், வீட்டுக் கறிக்கென்று ஒரு கோழிக் கூட்டத்தை உண்டாக்க நினைக்கிறவன் அங்கே முதலில் பார்க்க வேண்டியது, காலைக் கட்டிச் சாக்கின்மேல் கிடத்தியிருக்கும் பெட்டைகளைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒன்பது வருஷங்களுக்கு முன்பு அப்படிக் கிடந்த ஒரு சிறுவிடைப் பெட்டையை வாங்கிவந்தேன். நிறம் காகம்; கழுத்தில் மட்டும் மெல்லிய பொற்கோடுகள்; எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இராது. கூட வந்த நண்பர், “இதில் என்ன கறி தேறும்?” என்று கேட்டார். கட்டை அவிழ்த்துக் கையில் எடுத்தபோது, அதன் நெஞ்சின் அடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இறகு உதிர்ந்து, தோல் வழவழவென்று வெளிப்பட்டு, மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தது. அடையில் கிடந்ததை எழுப்பிச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அதிலிருந்து விளங்கிற்று. அந்த இடத்தைத் தொட்ட மாத்திரத்தில், பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தேன்.

அது அடைகிடந்த நேர்த்தியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் திருப்தி உண்டாவதில்லை. கூடையில் மணலைப் பரப்பி, மேலே தவிட்டைத் தூவி, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டையும் இரும்பாணியையும் இரண்டு வரமிளகாயையும் ஓரத்தில் செருகி, அந்தியில் 11 முட்டைகள் வைத்தேன். மற்றப் பெட்டைகள் முட்டையின்மேல் பொத்தென்று ஏறி உட்காரும். இதுவோ, கூடையின் விளிம்பில் நின்று கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, இரண்டு முட்டைகளுக்கு நடுவே ஒரு காலை ஊன்றி, மறு காலுக்கு இடம் அகப்படும் வரையில் அதை அந்தரத்திலேயே தூக்கி வைத்திருந்து, பிறகு உடம்பைத் தாழ்த்தி, ஓரத்து முட்டைகளை அலகால் உள்ளே இழுத்து, நடுவில் இருந்தவற்றை ஓரத்துக்குத் தள்ளிய பின்புதான் இறகை விரித்து மூடும். நாளுக்கு ஒரு தரம் இறங்கி, ஒரு பிடி கம்பைப் பொறுக்கித் தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டு, கால் மணிக்குள் திரும்பிவிடும். இருபதாம் நாள் ராத்திரி கூடையருகே காதை வைத்தால், ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு மெலிதாகக் கீச்சிடுவதும், தாய் தொண்டைக்குள்ளேயே அதற்குப் பதில் சொல்வதும் கேட்கும். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே கொட்டகையில் எத்தனையோ இரவு படுத்திருக்கிறேன். அந்த முதல் அடையில் 10 பொரித்தன. மிஞ்சிய ஒன்று கூமுட்டை.

இந்தப் பெட்டையோடு நான் சேர்த்த சேவல் பெருவிடை; கீரி நிறம்; நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கறிக்கோழிக்கு நெஞ்சு வேண்டும் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. அந்த நெஞ்சுக்காகச் சீமைக் கோழியைத் தேடிப் போகிறவர்கள், அது புறப்பட்ட இடத்தை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பெருவிடையின் இனமான அசீலை அந்நாட்டுச் சண்டைக் கோழிகளோடு கலந்து, ‘இந்தியன் கேம்’ என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு கார்னிஷ் என்று வழங்கியது அதுதான். 1948-இல் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்று நடந்த போட்டியில் முதற்பரிசு பெற்றது, கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷையரையும் கலந்த கோழி. இன்று ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் பிராய்லரின் அகன்ற மார்பில் நம் ஊர்ப் பெருவிடையின் ரத்தம் ஓடுகிறது. மூலம் நம் களத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும்போது, கடல் கடந்து போய்த் திரும்பி வந்த பிரதிக்கு நாம் ஏன் பெட்டையைக் கொடுக்க வேண்டும்?

பெருவிடைப் பெட்டைக்குச் சிறுவிடைச் சேவலை விட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கனத்த பெட்டை இடுகிற முட்டை சொற்பம். அதிலும் பாதியைத் தன் காலாலேயே நொறுக்கிவிடும். முக்கால் பங்கு பெருவிடை வேண்டும் என்போர் இன்னும் அதிகம். எடை கூடும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கோபமும் கூடும். இறகு முளைத்து முடியாத பருவத்திலேயே அந்தக் குஞ்சுகள் ஒன்றையொன்று மண்டையில் கொத்திக் கண்ணை மூடவைக்கும்; அவற்றை நானே பிரித்துப் பஞ்சாரம் பஞ்சாரமாகக் கவிழ்த்துச் சலித்திருக்கிறேன். பாதிக்குப் பாதி என்பதுதான் என் கணக்கு. கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கும் நண்பர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அலகின் வளைவுக்காகவும் வாலின் விரிவுக்காகவும் அவர்கள் படும் சிரமம் சாமானியமானதன்று. ஆயினும், ஒரு சேவலின் முகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள், அதன் தாய் எத்தனை குஞ்சு கூட்டி வளர்த்தாள் என்று ஒரு வார்த்தை பேசுவதில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அடைகிடக்கும் குணத்தைச் சேவலும் தன் மகளுக்குக் கொடுக்கிறது. அது வெளியில் தெரியாத குணம். ஆகையால் அதைத் தாயிடம்தான் பார்க்க வேண்டும்.

முதல் தலைமுறைக் குஞ்சுகள் எல்லோருக்கும் சந்தோஷத்தைக் கொடுக்கும். பூ, அதாவது கொண்டை, தகப்பனைப்போலக் குட்டையாக இருக்கும். உடம்பு ஒரே சீராக வளரும். இரண்டாம் தலைமுறையில்தான் வளர்ப்பவனுடைய பொறுமைக்குப் பரீட்சை வருகிறது. கலப்புச் சேவலையும் கலப்புப் பெட்டையையும் சேர்த்தால், ஒரே அடையில் பாட்டனும் பாட்டியும் தனித்தனியே எழுந்து வருகிறார்கள்; நாலில் ஒன்று பாட்டியின் கத்திப்பூவோடு நிற்கும். 1902-இல் பேட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, மெண்டலின் விதி பிராணிகளுக்கும் பொருந்தும் என்று நிரூபித்தது இந்தக் கோழிப் பூவை வைத்துத்தான். பூவின் கணக்கு எளிது. நெஞ்சின் கணக்கு அவ்வளவு எளிதன்று. நாலு மாதம் ஆனதும், விடியற்காலையில், தீனிக்கு முன்பு, ஒவ்வொன்றாக இடக்கையில் ஏந்தி, வலக்கை விரல்களை நெஞ்செலும்பின் இரு பக்கமும் ஓட்டிப் பார்ப்பேன். எலும்பு கத்திமுனைபோல் தட்டுப்பட்டால் அது குழம்புக்கு. சதை எழும்பி எலும்பை விரலுக்கு மறைத்தால் அது கூட்டத்தில் தங்கும். பெட்டையானால் அத்துடன் முடியாது. முட்டையிட்டு, அடைக்கு உட்கார்ந்து, குஞ்சோடு வெளியே வந்த பின்புதான் அதற்குத் தங்கும் உரிமை. இத்தனையோடு, ஒரே வீட்டுச் சேவலே மகளையும் பேத்தியையும் மிதிக்கும்படி விடலாகாது; இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வேறு ஊர்ச் சேவல் வர வேண்டும்.

இடையில் ஒரு வருஷம், பொரிப்பகம் ஒன்றில் ‘ஜாதிக் கலப்பு’ என்று சொல்லிக் கொடுத்த 30 குஞ்சுகளை வாங்கி வளர்த்தேன். நன்றாகவே வளர்ந்தன, முட்டையும் ஏராளம். மாதங்கள் போயின, ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. மீண்டும் குஞ்சு வேண்டுமானால் மீண்டும் அவர்களிடமே போக வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆராய்ச்சியில் உருவான ரகங்களான நந்தனம் கோழியும் கிரிராஜாவும் வனராஜாவும் பெரிய படிப்பாளிகளின் உழைப்பில் விளைந்தவை. ஏழைக் குடும்பங்களுக்கு அவற்றால் முட்டையும் வருமானமும் கிடைத்தது மெய். அவற்றை நான் குறை சொல்லவில்லை. தன்னைத் தானே பொரித்துக்கொள்ளாத கூட்டத்தை வீட்டுக் கூட்டம் என்று அழைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

என் அப்பத்தா, வெடைக்கோழி முதல் முட்டை இட்டதும், அதை எடுத்து வெயிலில் உயர்த்திப் பார்த்துவிட்டு, “இது முட்டைக்கு ஆகும், அடைக்கு ஆகாது” என்றோ, “இதை வித்துறாதீங்கப்பா” என்றோ சொல்லுவாள். எதைக் கண்டு சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று கேட்க அவள் இல்லை. கறி விஷயத்திலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு; கோழி அறுத்த நாளில் வெந்நீரைத் தொடவிட மாட்டாள். இறகை உலரப் பறித்து, மஞ்சளைத் தடவி, பனையோலைத் தீயில் திருப்பித் திருப்பி வாட்டி, தோல் பொன்னிறமாகச் சுருங்கிய பிறகுதான் அரிவாள்மணைக்குப் போகும். இப்போது கடைகளில் நாட்டுக்கோழி என்ற பலகையின் கீழ் தொங்குவது பெரும்பாலும் கூண்டில் வளர்ந்த வண்ணக்கோழி. வெந்நீரில் முக்கி, இயந்திரத்தில் உருட்டி, தோலையும் உரித்துக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்களும் சட்டியில் சீக்கிரம் வெந்தால் போதும் என்கிறார்கள். ஆறு மாதக் கலப்புச் சேவலின் கறி ஒரு மணி நேரம் வேகும். அந்த ஒரு மணி நேரத்தில் எலும்பிலிருந்து இறங்கும் சாறு வேறு எதிலும் இறங்காது.

கணக்குக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பவை 4 அடைப்பெட்டைகள். ஆளுக்கு வருஷத்தில் 3 அடை. அடைக்கு 10 குஞ்சு. பருந்துக்கும் கீரிக்கும் நோய்க்கும் போக 7 நிற்கும். ஆக 84. வாரம் ஒன்று அடுப்புக்குப் போனாலும், விற்கவும், உறவினருக்குக் கொடுக்கவும், வித்துக்கு நிறுத்தவும் 30-க்கு மேல் மிஞ்சுகிறது. கம்பும் குருணையும் போக, சாணமும் பழஞ்சாக்கும் அடைத்துத் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்த பானையில் ஓர் இரவில் ஏறும் கரையான்தான் குஞ்சுகளுக்குத் தீனி. வெள்ளைக் கழிச்சலுக்கு மட்டும் தடுப்பூசி தவறுவதில்லை; கோடை பிறப்பதற்கு முன்பே போட்டுவிடுவேன்.

அந்தக் காகப் பெட்டை போன வருஷம், தை மாதத்தில், மூப்பினால் இறந்தது. அதை நான் குழம்புக்கு அனுப்பவில்லை, வேப்பமரத்தடியில் புதைத்தேன். அதன் பேத்திகளில் ஒன்று, அதே பொற்கோட்டுக் கழுத்தோடு, இப்போது கூடையில் கிடக்கிறது. முட்டைகளுக்கு நடுவே கால் வைக்கும்போது மறு காலை அந்தரத்தில் நிறுத்துகிறது. இந்த வருஷம் சேவல் மாற்ற வேண்டும். நத்தம் பக்கத்து நண்பர் ஒருவர், தம்மிடம் மயில் நிறத்தில் ஓர் அருமையான பெருவிடை நிற்பதாகவும் அதன் கால் இப்படி, கழுத்து இப்படி என்றும் நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை சந்தை முடிந்ததும் அவர் தோட்டத்துக்குப் போகிறேன். போனதும், “சேவல் இருக்கட்டும் அண்ணே, அதைப் பெற்ற பெட்டையைக் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள்” என்று கேட்கப்போகிறேன்.