குமிழின் முதுகு

லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் சற்று நடந்தால் சிம் லிம் டவர். கணினிக்குப் பேர்போன சிம் லிம் ஸ்கொயர் வேறு. இது உதிரிபாகக்காரர்களின் கட்டடம். அங்கே வால்யூம் கன்ட்ரோல் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். அதன் அழகு முதுகிலிருக்கும் உலோக மூடியில்.

சிங்கப்பூர் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் அந்தத் துடிப்பு ஆம்ப்ளிஃபயரின் உள்வாயிலில் புகுந்தால் வீணையின் மீட்டலுக்கு அடியில் ஓர் உறுமல் உட்கார்ந்துகொள்ளும். மூடியை எர்த்தோடு சேர்க்காவிட்டால் அதுவே ஏரியல். குமிழில் விரல் பட்டதும் உறுமல் மாறுவது அதனால்தான். சுவிட்சின் உலோக உடலுக்கும் இதே நியாயம்.

எர்த் செய்த அலுமினியப் பெட்டியில், பெயிண்டைச் சுரண்டிப் பல் வாஷர் போட்டு நட்டை இறுக்கினாலே பெரும்பாலும் போதும். பிளாஸ்டிக் பெட்டியென்றால் மூடிக்குத் தனிக் கம்பி வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகச் சூடேறிய சால்டரிங் அயர்னை வைத்துச் சட்டென எடுக்கும் கை எனக்கு மிகவும் பிடிக்கும். தாமதித்தால் உள்ளிருக்கும் கார்பன் தடம் கெட்டுவிடும். பெட்டி வழியாக எர்த் கிடைத்த மூடிக்கு இன்னொரு கம்பியும் கொடுக்காதீர்கள். இரண்டு பாதையும் வளையமாகி உறுமலைத் திரும்ப அழைத்து வரலாம்.