ஜனவரி 5, ஜனவரி 7: மேலூர்ப் பெண்களும் உள்ளாட்சி வாக்கும்

2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் மதுரை மாவட்டக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர்களும் உறுப்பினர்களும் பொறுப்பிலிருந்து இறங்கினார்கள். ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 7 அன்று, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கி மேலூர் வட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் புறப்பட்டார்கள். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கேட்ட அந்தப் பேரணியில் பெண்கள் பெருந்திரளாக இருந்தார்கள்.

இரண்டாவது தேதியை நாம் கொண்டாடினோம். முதல் தேதி நம்மில் பலருக்கு நினைவில்கூட இல்லை. சுற்றுச்சூழல் பற்றி அக்கறையோடு பேசுகிற, முற்போக்காக வாக்களிக்கிற பெண்களாகிய நமது அரசியல் பார்வையின் பெரிய ஓட்டை இது என்று நினைக்கிறேன். சாலையில் திரளும் பெண்ணைப் போற்றுகிறோம். அவள் உட்கார வேண்டிய நாற்காலி காலியாகக் கிடப்பதைக் கவனிப்பதில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், சமணப் படுக்கைகள், தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில், ஆனைகொண்டான் ஏரி, சுமார் 250 பறவை இனங்கள் என்று பெருமைப்பட நிறைய இருக்கிற இடம். 2023இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குப் போனது. 2024 நவம்பரில், இந்தப் பாரம்பரியத் தலத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டித் தொகுதியின் ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானது. அதே மாதம் 23ஆம் தேதி கூடிய கிராம சபைகளில் அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 23இல் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

இது வெற்றிதான். ஆனால் எதனால் கிடைத்த வெற்றி என்று கேட்க வேண்டும். கிராம சபைத் தீர்மானம் ஏலத்தைச் சட்டப்படி நிறுத்தவில்லை. நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. சட்டமன்றத் தேர்தல் ஓராண்டுத் தொலைவில் இருந்தது. எந்தக் கட்சியும் மேலூரைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. கூட்டத்தின் அளவும் தேர்தலின் நெருக்கமும் சேர்ந்து கிடைத்த பலன் இது. அடுத்த கனிமம் தேர்தல் இல்லாத ஆண்டில், ஆள் திரட்ட முடியாத சிற்றூரில் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வோம்?

இதே வேதாந்தா குழுமம் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்க வந்தபோது நடந்தது வேறு. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. வன உரிமைச் சட்டமும் பழங்குடிப் பகுதிக்கான அரசமைப்புப் பாதுகாப்பும் டோங்ரியா கோண்டு மக்களின் சொல்லுக்குச் சட்ட வலு தந்தன. தமிழகத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. மேலூரின் சமவெளிக் கிராமத்துப் பெண் கிராம சபையில் கையைத் தூக்கினால், அந்தக் கை ஒரு கோரிக்கை மட்டுமே. அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். அவரும் இல்லாதபோது மிஞ்சுவது சாலை மட்டும்தான். சாலைக்கு வந்ததற்கும் விலை உண்டு: ஜனவரி 7 பேரணிக்காக 11,608 பேர் மீது வழக்குப் பதிந்தார்கள், பிறகு அரசு அதைத் திரும்பப் பெற்றது.

இனி, அந்தச் சாலையில் பெண்கள் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதற்கு வருவோம். குலவையிடும் பெண், மண்ணை அள்ளித் தூற்றும் பாட்டி, இடுப்பில் குழந்தையோடு நடக்கும் இளம்பெண்: போராட்டப் படங்களில் நமக்குப் பழகிப்போன உருவங்கள் இவை. சட்டம் பேசுகிறவர், பேச்சுவார்த்தைக்குப் போகிறவர், ஒலிவாங்கியைப் பிடிக்கிறவர் என்றால் ஆணின் முகம் வந்துவிடுகிறது. நம் எழுத்தும் இதற்குத் துணை போயிருக்கிறது. மண் தாய், ஆறு தாய், ஆகவே பெண் இயற்கையின் மகள் என்று எத்தனை கவிதைகள்! 1988இல் வந்தனா சிவா முன்வைத்த வாதம் இந்தப் பக்கம் சாய்ந்தது. 1992இல் பீனா அகர்வால் அதை மறுத்துக் கேட்ட கேள்வி இன்றும் நமக்கு உதவும். எந்தப் பெண்? எந்தச் சாதி, எந்த வர்க்கம்? இயற்கையோடு அவளுக்குள்ள உறவு பிறப்பால் வருவதா, அவள் செய்யும் வேலையாலும் அவளிடம் இல்லாத சொத்தாலும் வருவதா?

இந்தக் கேள்வியை நம் கண்மாய்க் கரைக்குக் கொண்டுவருவோம். மதுரைச் சமவெளி கண்மாய்களால் ஆனது. கண்மாய் வறண்டால் குடத்தோடு அலைவது பெண். ஆட்டுக்குப் புல் தேடுவது பெண். நூறு நாள் வேலையில் வரத்துக் கால்வாயை வெட்டுகிறவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் கண்மாயைப் பற்றி முடிவெடுப்பது யார்? தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்தின்படி அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கே வாக்கு. பட்டா அப்பா பேரிலோ வீட்டுக்காரர் பேரிலோ இருக்கும்வரை, உழைக்கிற பெண்ணுக்கு அங்கே வாக்கில்லை. நிலமற்ற தலித் பெண்ணுக்கு நிச்சயமாக இல்லை. ‘நாடு’ என்ற பழைய ஊர்த்தொகுதி அமைப்பு மேலூர்ப் பகுதியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. போராட்டங்களில் அதன் பலம் பெரிது. அதன் அம்பலக்காரர்கள் ஆண்கள்.

ஆக, கண்மாய்க்கும் காட்டுக்கும் குப்பைக்கும் பொறுப்பான அமைப்புகளில், பட்டா கேட்காமல், சாதி கேட்காமல், புருஷன் பேர் கேட்காமல் ஒரு பெண்ணுக்கு வாக்குத் தருகிற அமைப்பு உள்ளாட்சி ஒன்றுதான். அதை நாம் சின்னத் தேர்தல் என்கிறோம்.

அந்த வாக்குக்கு இதே மண்ணில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை மறக்க முடியாது. மேலூருக்கு அருகே உள்ள மேலவளவில், தனி ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தின் தலித் பெண் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு, உயிர் பிழைத்தார். ஊராட்சித் தலைவர் பதவியில் அதிகாரமே இல்லை என்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். ஒன்றுமில்லாத பதவிக்காக யாரும் அரிவாள் எடுப்பதில்லை. மேலூர் ஒற்றுமையாக நின்றது என்று பெருமையாக எழுதும்போது, அந்த ஒற்றுமைக்குள் மேலவளவின் பெண்களுக்கு என்ன இடம் என்றும் எழுத வேண்டும். மலையைக் காக்க எல்லாரையும் கூப்பிடுகிற ஊர், கண்மாய் மீன் ஏலத்துக்கு எல்லாரையும் கூப்பிடுகிறதா?

2016இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களின் பங்கை மூன்றில் ஒன்றிலிருந்து சரிபாதியாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. காகிதத்தில் பாதி இடம் கிடைத்த கணத்திலேயே இடம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. இப்போது மறுபடி அதே கதை. 2025 ஜூலை 5 வரை என்று தொடங்கிய தனி அலுவலர் காலம் அதற்குப் பிறகும் நீட்டிக்கப்பட்டது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243இ பிரிவு. 2016இல் ஒரு கட்சியும் 2025இல் இன்னொரு கட்சியும் ஆட்சியில் இருந்தன. காரணங்கள் வேறு, இழந்தவர்கள் ஒரே ஆட்கள். தேர்தல் தள்ளிப்போகும்போது அந்த ஊராட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்கள் இழக்கிறார்கள். ஒரு பெண்கள் அமைப்பின் முதல் கண்டனம் இதற்கு எதிராக அல்லவா வந்திருக்க வேண்டும்?

பெண் தலைவர் என்றால் புருஷன்தானே ஆள்கிறான் என்ற பதில் உடனே வரும். ஊரில் வீட்டுக்காரரைப் ‘பிரசிடெண்ட்’ என்றும் தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் ‘பிரசிடெண்டம்மா’ என்றும் அழைப்பதைக் கேட்டிருக்கிறோம். நம் இலக்கணத்திலும் சிக்கல் இருக்கிறது. தலைவன் என்றால் ஆள்பவன், காதலன் இரண்டு பொருளும் உண்டு. தலைவி என்றதும் தமிழ் வகுப்பில் காத்திருக்கிறவள்தான் நினைவுக்கு வருகிறாள். ஆனால் பினாமிப் பேச்சைப் பெண்ணைக் கேலி செய்யப் பயன்படுத்துகிறவர்கள், மகனுக்காகவும் கட்சிக்காகவும் ஒப்பந்ததாரருக்காகவும் கையெழுத்துப் போடும் ஆண் தலைவர்களை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. சான்றுகளும் வேறு சொல்கின்றன. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை ஆய்ந்து ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கான பணிகள் கூடுதலாக நடந்ததைக் காட்டியது. குஜராத், நேபாள வனக் குழுக்களை ஆய்ந்த பீனா அகர்வால், குழுவில் பெண்கள் ஓரிருவராக இல்லாமல் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று உயரும்போதுதான் அவர்களின் குரல் முடிவை மாற்றுகிறது என்றார். சுற்றுச்சூழல் தலைமைக்கு ஒரு வீராங்கனை வந்து சேர வேண்டும் என்று காத்திருப்பதைவிட, ஒரு கூட்டத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பது பயன் தரும்.

சாலையும் நாற்காலியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பாலக்காட்டின் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரலில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிராகப் பழங்குடி மக்கள் உட்கார்ந்தார்கள். மயிலம்மா அதன் முகமானார். ஓராண்டு கழித்துப் பெருமாட்டி ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்குகள் தொடர்ந்தன, ஆனால் 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா பந்தலில் இருந்தார். பந்தலின் கோரிக்கை ஊராட்சியின் கோப்பில் ஏறியது. மயிலம்மாவே அந்த நாற்காலியிலும் இருந்திருந்தால் என்பதுதான் நாம் எழுப்ப வேண்டிய அடுத்த கேள்வி.

இது கிராமத்துப் பிரச்சினை மட்டும் என்று நகரத்தில் இருக்கும் நாம் ஒதுங்க முடியாது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். மாநகராட்சிக் கட்டடம் நிற்பது தல்லாகுளம் கண்மாயில். நகரத்தின் குப்பை அவனியாபுரம் வெள்ளக்கல்லுக்குப் போகிறது. அதை அள்ளும் கைகளில் பல பெண்களுடையவை. அரிட்டாபட்டியின் வல்லூறுக்காகக் கண்ணீர் விடும் வாக்காளர், வெள்ளக்கல் புகையை மூச்சாக இழுக்கும் பெண்ணைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. நூறு வார்டுகள் உள்ள மாநகராட்சியில் தன் வார்டு எண்ணைக் கேட்டால் யோசிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாடாளுமன்றத் தேர்தலில் கொள்கை பார்த்து வாக்களிப்போம். வார்டுத் தேர்தலில் தெரிந்த முகம், சொந்தக்காரர், இல்லாவிட்டால் விடுமுறைத் தூக்கம்.

கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. ஊராட்சியில் நிற்கிறவரிடம்: ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று 2022இல் அரசு அறிவித்ததே, மார்ச் 22 தண்ணீர் நாள் கூட்டத்தில் ஊரின் ஒவ்வொரு கண்மாயின் கணக்கையும் வாசிப்பீர்களா? கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைப்பீர்களா? கல்குவாரிக்கும் கனிமத்துக்கும் நிலம் கேட்டு வரும் கடிதத்தைச் சேரியிலும் ஒட்டுவீர்களா? மாநகராட்சியில் நிற்கிறவரிடம்: பகுதி சபையைக் கூட்டுவீர்களா? தூய்மைப் பணியாளர்களை அதில் பேச வைப்பீர்களா? கடைசியாக இருவரிடமும்: கூட்டத்துக்கு நீங்கள் வருவீர்களா, உங்கள் வீட்டுக்காரர் வருவாரா?

இந்தக் கேள்விகளைக் கேட்க முதலில் வேட்பாளர் வேண்டும். வேட்பாளர் வரத் தேர்தல் வேண்டும். 2022 பிப்ரவரியில் நாம் தேர்ந்தெடுத்த மதுரை மாநகராட்சியின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அந்தத் தேதியையாவது இப்போதே குறித்து வைத்துக்கொள்வோம்.