ஒரு பரம்பொருளும் பல தெய்வங்களும்: கண்ணகி வழிபாட்டினை முன்வைத்து ஒரு நோக்கு

பரம்பொருள் ஒன்றே, தெய்வங்கள் யாவும் அதன் வடிவங்களே என்பது, இந்து சமயக் கடவுட் கொள்கை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எய்தும் முடிபாகும். இதனைச் சமயப் பொறைக்குச் சான்றாகவும் அவர் காட்டுவர். ஆயின், அக்கொள்கை வழிபாட்டு நடைமுறையில் எவ்வாறு தொழிற்பட்டது என்ற வினா அவ்வெழுத்துகளில் எழுவது அரிது.

13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியார், எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாகி வந்து அருள்பவன் சிவனே எனக் கூறும். மேற்கோள் காட்டுவோர் பலர் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அதே செய்யுள், ஏனைத் தெய்வங்கள் பிறப்பு இறப்புக்கும் வினைக்கும் உட்பட்டவை எனத் தொடர்ந்து கூறுவது மனங்கொள்ளத்தக்கது. தெய்வங்களை உள்வாங்குதலும் அவற்றுள் உயர்வு தாழ்வு வகுத்தலும் அங்கு ஒருங்கே நிகழ்கின்றன.

இவ்விரட்டைத் தன்மையின் விளைவை ஈழத்துக் கண்ணகி வழிபாட்டிற் காணலாம். கிறித்தவப் பாதிரிமாரின் கண்டனங்களை எதிர்கொண்ட ஆறுமுக நாவலர் (1822-1879), ஆகம நெறிக்குப் புறம்பானவை எனக் கொண்டு உயிர்ப்பலியையும் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தார். காலப்போக்கில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய அம்மன் கோயில்களாக மாற்றம் பெற்றன. சைவத்தைக் காக்கும் நோக்கு நாவலருக்கு இருந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும், இம்மாற்றத்தால் நேர்ந்த இழப்பையும் நாம் மறைத்தலாகாது. கண்ணகி, கொலையுண்ட கணவனுக்காக அரசவையில் நீதி கேட்ட மானிடப் பெண். இராசராசேசுவரி என்பதோ பேரரசியைச் சுட்டும் பெயர். பெயர் மாறியவிடத்து, அரசனை எதிர்த்து வழக்குரைத்தவளின் கதையும் கோயிலை விட்டு நீங்கியது.

மட்டக்களப்புப் பிரதேசத்து நிலை வேறு. அங்கே கண்ணகி தன் பெயருடனும் கதையுடனும் வீற்றிருக்கிறாள். வைகாசிச் சடங்கிற் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. கப்புகனார் பூசை புரிகின்றார். குளுத்தியுடன் சடங்கு நிறைவுறுகின்றது. அவளை வழிபடுவோர் சிவனையும் பிள்ளையாரையும் வணங்கும் சைவர்களே. சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்யோ எனப் போற்றுவர்.

ஆகவே, ஒரு பரம்பொருட் கொள்கை கண்ணகியின் நீக்கத்தைத் தவிர்க்கவியலாதவாறு வேண்டிநின்றது எனல் பொருந்தாது. எவ்வழிபாடு உயர்ந்தது எனத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது. பெயரையும் கதையையும் களைந்த பின்னரே ஒரு தெய்வத்துக்கு இடமளிப்பதைப் பொறை எனக் கூறுதல் தகுமா? கடவுட் கொள்கையை ஆராய்வோர் சாத்திரத்தோடு சடங்கையும் கற்றாலன்றி இவ்வினாவுக்கு விடை காண்டல் அரிது.