சொத்துப் பட்டியலில் ஒரு குடும்பம்

1773ஆம் ஆண்டு மே மாதம் வர்ஜீனியாவில் ஜான் வேல்ஸ் என்னும் பண்ணையார் இறந்தார். வழக்கறிஞர், பிரிஸ்டல் நகர வணிகர்களின் முகவர், அடிமை வாணிபத்திலும் பங்குகொண்டவர். அவருடைய மகள் மார்த்தாவை அதற்கு முந்தைய ஆண்டு மணந்திருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். மீராஸாக அத்தம்பதியருக்கு வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 11,000 ஏக்கர் நிலம், 135 அடிமைகள், அவற்றோடு ஒட்டிவந்த பெருங்கடன். அந்த 135 பேருள் எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற பெண்மணியும் அவருடைய பிள்ளைகளும் இருந்தனர். பிள்ளைகளில் அறுவர் வேல்ஸுக்கே பிறந்தவர்கள். அவர்களுள் இளையவரான ஸாலி பிறந்த ஆண்டும் அதுவே. ஆக, தந்தை இறந்தபோது மகள் தன் உடன்பிறப்புகளையே சொத்தாகப் பெற்றார்.

அனெட் கோர்டன்-ரீட் 2008இல் வெளியிட்ட ‘மான்டிசெல்லோவின் ஹெமிங்ஸ் குடும்பத்தார்’ என்னும் பெருநூல் இந்த முடிச்சிலிருந்து தன் வரலாற்றை அவிழ்க்கிறது. 2009இல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்ற நூல் இது. ஸாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சனே என்ற வாதத்தை ஆசிரியர் 1997இலேயே தனி நூலாக எழுதியிருந்தார். மறு ஆண்டு வெளியான மரபணு ஆய்வு அவர் பக்கம் நின்றது. எனவே இந்நூலில் அவ்வழக்கை மீண்டும் நடத்தும் தேவை அவருக்கு இல்லை. பாகப்பிரிவினை ஆவணங்கள், மண ஒப்பந்தங்கள், ஜெஃபர்சன் தம் கைப்பட எழுதிவந்த பண்ணைக் கணக்கு ஆகியவற்றுக்குள் புதைந்து கிடந்த ஒரு குடும்பத்தை அவர் வெளியே கொணர்கிறார்.

சட்டம் பயின்றவர் என்பதால், எந்த விதி எவரை எங்கே நிறுத்தியது என்று காட்டுவதில் அவர் தடுமாறுவதில்லை. 1662இல் வர்ஜீனியா இயற்றிய சட்டப்படி, குழந்தை அடிமையா சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையே தீர்மானித்தது. இங்கிலாந்தின் பொதுச்சட்டத்திலோ பிள்ளை தந்தையின் நிலையையே அடைந்துவந்தது. அந்த மரபைக் கைவிட்டதால், பண்ணையார் தம் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவருக்கு வாரிசாகாமல் சொத்தாயிற்று. 1705இல் வந்த மற்றொரு சட்டம், வாரிசுரிமையைப் பொறுத்தவரை அடிமைகளை நிலத்தைப் போன்ற அசையாச் சொத்தாக வகைப்படுத்தியது. நடமாடும் மனிதர் அசையாச் சொத்தாயினர்.

இப்பக்கங்களைப் படிக்கும் முஸ்லிம் வாசகருக்கு ‘உம்முல் வலத்’ சட்டம் உடனே நினைவுக்கு வரும். எசமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணை விற்கலாகாது. அவர் இறந்ததும் அவள் சுதந்திரமாகிவிடுவாள். பிள்ளையோ பிறப்பிலேயே சுதந்திரமானது, தந்தையின் மீராஸில் பங்குடையது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பால் உறுதிப்பட்டு, நான்கு மத்ஹபுகளிலும் நிலைபெற்ற சட்டம் இது. வர்ஜீனியாச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் உயர்வு வெளிப்படை. ஆனால் நம் மேடைகளில் ஒப்பீடு இவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதே என் குறை. (1765இல் ஜெஃபர்சன் குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை விலைக்கு வாங்கினார் என்று பெருமிதத்துடன் சொல்வோம், அதற்கு முந்தைய ஆண்டே அவர் தந்தைவழி அடிமைகளைக் கைக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்வதில்லை.)

ஃபிக்ஹு நூல்களை நேர்மையோடு புரட்டுவோமாயின் வேறு சிலவும் கண்ணில் படும். அடிமைப் பெண்ணுக்கு வேறொருவரோடு நடந்த திருமணத்தில் பிறக்கும் குழந்தை, பொதுவிதிப்படி, தாயைப் பின்பற்றி அடிமையே. ஹனஃபி மத்ஹபில் அடிமைப் பெண்ணின் முதற் பிள்ளைக்கு நஸப் உறுதியாக, எசமான் ‘இது என் பிள்ளை’ என்று உரிமைகோர வேண்டும். ஷாஃபி மத்ஹபிலும், அவளோடு கூடியதை அவர் ஒப்புக்கொள்வதே அடிப்படை. ஸாலியின் பிள்ளைகளைப் பற்றி ஜெஃபர்சன் வாழ்நாள் முழுவதும் வாய் திறக்கவில்லை. அத்தகைய மௌனத்தின் முன் நமது சட்டமும் கைகட்டி நின்றிருக்கக் கூடும்.

ஏற்பு எதைச் செய்யவல்லது என்பதற்கு இந்நூலிலேயே சான்று உண்டு. ஸாலியின் தமக்கை மேரியை விலைக்கு வாங்கிய தாமஸ் பெல் என்ற வணிகர், அவரையும் அவரிடம் தமக்குப் பிறந்த இரு பிள்ளைகளையும் தம் குடும்பமாகவே நடத்தினார். 1800இல் இறந்தபோது சொத்தை அவர்களுக்கே எழுதிவைத்திருந்தார். ஆனால் மேரியின் மூத்த பிள்ளைகள் ஜோவும் பெட்ஸியும் ஜெஃபர்சனிடமே தங்க நேர்ந்தது. 1797இல் ஜெஃபர்சனின் இளைய மகளுக்குத் திருமணமானபோது பெட்ஸி சீதனமாகக் கொடுக்கப்பட்டார். ஒரே தாயின் பிள்ளைகளுள் சிலர் சொத்து பெற்றனர். ஒருவர் சொத்தாகப் போனார்.

இன்னொரு முரணும் உண்டு. நிலத்தைப் பிரிக்கவோ விற்கவோ இயலாதபடி பரம்பரைக்குக் கட்டிவைக்கும் முறையை 1776இல் ஒழித்தவர் ஜெஃபர்சன். மூத்த மகனுக்கே நிலம் என்ற விதியும் 1785இல் அவர் வரைந்த மசோதாவால் நீங்கியது. பராயிழின் பங்கீட்டைப் போற்றும் நமக்கு இவை உவப்பானவை. ஆயினும் நிலம் பங்காகும்போது அதில் உழைத்தவர்களும் பங்காயினர். வாரிசுகளுக்கிடையே நீதி பெருகப் பெருக அடிமைக் குடும்பங்கள் சிதறின. தாயையும் சேயையும் பிரிப்பதைக் கடிந்த நபிமொழியை அறிந்த நாம் இவ்விடத்தில் சற்று நின்று செல்ல வேண்டும். நூலாசிரியர் இதை இன்னும் விரித்திருக்கலாம்.

மாறாக அவர் மிகுதியாக விரிப்பது பாரிஸ் ஆண்டுகளை. 1787இல் பதினான்கு வயதில் ஸாலி அங்கே சென்றார். பிரெஞ்சு மண்ணில் விடுதலை கோரியிருக்கலாம். பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலை என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டே 1789இல் திரும்பினார் என்கிறது, மகன் மேடிசன் 1873இல் அளித்த வாக்குமூலம். இதற்கு மேல் ஆவணம் இல்லை. ஆனால் அவ்விருவரிடையே அன்பு இருந்திருக்குமா என்று ஆசிரியர் பல பக்கங்களில் ஊகிக்கிறார். மறுக்கும் உரிமையே இல்லாதவரின் மனத்தை இவ்வாறு அளப்பது, முதற்பகுதியில் அவரே நிறுவிய சட்ட உண்மையைத் தளர்த்துகிறது. அடுக்களையிலும் பட்டறையிலும் பணிபுரிந்த ஹெமிங்ஸ் குடும்பத்தார் நமக்கு முகங்களாகின்றனர். வயல்களில் உழைத்த பெருந்தொகையினர் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

1826 ஜூலை 4இல் ஜெஃபர்சன் காலமானபோது கடன் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. வஸிய்யத்தில் ஐவருக்கு விடுதலை. மேரியின் மகன் ஜோ அவர்களுள் ஒருவர். ஆனால் 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 பேரை விற்ற ஏலத்தில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் நின்றனர். ஸாலியின் மகன்கள் மேடிசன், எஸ்டன் இருவரும் அந்த ஐவருள் அடங்குவர். ஸாலியின் பெயர் வஸிய்யத்தில் இல்லை. அவர் வெளியேறிச் செல்ல ஓசையின்றி இசைவளித்தவர் ஜெஃபர்சனின் மூத்த மகள். உறவு முறையில் அவர் ஸாலிக்குத் தமக்கை மகள்.