கூடுதல் பட்டை எதைத் தாங்குகிறது?

புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டிகளோடு கிளம்பும் பிக்கப்களின் பின்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். சிலவற்றில் கம்பெனி கமானுக்கு (லீஃப் ஸ்பிரிங்) மேல் ஒன்றிரண்டு பட்டைகள் கூடுதலாகக் கட்டியிருக்கும். பட்டை சேர்த்தால் வண்டி உட்காராது, லோடு தாங்கும் என்பது ஓட்டுநர்களின் நம்பிக்கை.

இதில் முதல் பாதி உண்மை. ஐந்து பட்டை உள்ள கட்டில் அதே கனத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். பள்ளத்தில் இறங்கும்போது அச்சு சேசிஸில் இடிப்பது குறையும், வளைவில் வண்டி சாய்வதும் குறையும். ஆனால் பட்டையின் கனம் கூடினால் கணக்கே வேறு. விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், 8 மில்லிமீட்டர் பட்டையைவிட 10 மில்லிமீட்டர் பட்டை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். கையில் கிடைத்த பழைய பட்டையைக் கட்டிவிடும் பட்டறைகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

லோடு தாங்கும் என்ற இரண்டாம் பாதிதான் ஆபத்து. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. 1,700 கிலோவுக்கு என்று விற்ற வண்டி, எத்தனை பட்டை கட்டினாலும் 1,700 கிலோ வண்டிதான். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் அறிவதில்லை. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. வண்டி தாழ்ந்தால்தான் அது அழுத்தத்தைக் கூட்டும். கமான் விறைத்துவிட்டால் வண்டி அவ்வளவு தாழாது. முழு லோடோடு போகும்போதும் தேவையைவிடக் குறைந்த பிரேக்தான் பின்சக்கரத்துக்குக் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திடீரென ஒருவர் குறுக்கே வந்தால் இதன் விலை தெரியும்.

ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதே இல்லை. கமானின் துள்ளலை அடக்குவதுதான் அதன் வேலை. கமான் விறைத்தால் துள்ளலும் வலுக்கும். பழைய ஷாக் அதை அடக்காது. மீனை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி வேகத்தடையில் குதிப்பது இதனால்தான். குதிக்கிற டயர் அந்த நேரத்தில் தரையைப் பிடிப்பதில்லை.

கடலோர ஊருக்கு உப்பும் ஒரு கணக்கு. பெட்டியிலிருந்து வடியும் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் பட்டைகளுக்கு இடையே தங்கித் துருவாகும். துருப் புள்ளியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். நெருக்கிக் கட்டிய கூடுதல் பட்டை அந்த ஈரத்தை இன்னும் பிடித்து வைக்கிறது.

சட்டமும் பட்டையைப் பார்த்து எடையைக் கூட்டித் தராது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

என் தீர்ப்பு இது. ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் ஏற்றியும் வண்டி உட்கார்ந்தால் கமான் தளர்ந்துவிட்டது. கம்பெனி அளவிலேயே இரு பக்கமும் புதுக் கட்டு போடுங்கள், ஷாக்கையும் ஜோடியாக மாற்றுங்கள். எடை மீறி ஏற்றுவதற்காகப் பட்டை சேர்ப்பதை எந்தக் கணக்கும் ஆதரிக்கவில்லை. அந்தத் தொழிலுக்குப் பெரிய வண்டிதான் வேண்டும். எது உங்கள் நிலை என்று தெரிய, பட்டறைக்குப் போகுமுன் லோடோடு வண்டியை ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.