நூறு ரூபாய் சென்சாரும் நெல் மூட்டையும்

கிடங்கு இருப்பைத் தானாகக் கணக்கெடுக்கும் வழிகளுக்கு யூடியூபில் பஞ்சமே இல்லை. ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், நாலு லோடுசெல். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் வேலை முடிந்தது என்கிறார்கள். அரசும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது: உணவு தானியக் கிடங்குகளின் நிலையைக் கண்காணிக்க 2025 மே மாதம் 'டெப்போ தர்பண்' என்ற தளமும் செயலியும் வந்தன. நானும் மென்பொருள்காரன்தான், கருவிகளோடு எனக்குப் பகை இல்லை. என் விமர்சனம் ஒன்றே ஒன்று: சென்சார் அளப்பது வேறு, நாம் 'இருப்பு' என்று சொல்வது வேறு.

எங்கள் ஊர் நெற்குப்பை. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். அதனால் குவியலிலிருந்தே தொடங்குவோம். கூரையில் மாட்டிய அல்ட்ராசோனிக் சென்சார், ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து நெல்லின் உச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். அதிலிருந்து உயரம், உயரத்திலிருந்து கொள்ளளவு. ஆனால் குவியலின் சரிவு மாறாதபோது கொள்ளளவு உயரத்தின் மும்மடியாக வளரும். உயரத்தில் 5% பிழை என்றால் கொள்ளளவில் கிட்டத்தட்ட 16% பிழை. இது போதாதென்று, 25 டிகிரி காலையும் 40 டிகிரி மதியமும் ஒலியின் வேகத்தையே சுமார் 2.5% மாற்றிவிடும்.

சரி, எடை பார்த்தால்? மாதக்கணக்கில் ஒரே பாரத்தைச் சுமக்கும் லோடுசெல்லின் அளவு மெல்ல நகரும். மேலே மூட்டை இருக்கும்போது அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சரிபார்க்கவும் முடியாது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். பெரிய சிக்கல் நெல்லிலேயே இருக்கிறது. கொள்முதல் விதிப்படி ஈரப்பதம் 17% வரை இருக்கலாம், மழைக்காலத்தில் தளர்வு கேட்டு வாங்குவதும் உண்டு. 17% ஈரத்தில் பிடித்த 40 கிலோ மூட்டை, காய்ந்து 14%க்கு வந்தால் 38.6 கிலோ. ஆயிரம் மூட்டைக்குச் சுமார் 1,400 கிலோ குறைவு. சென்சார் கணக்கில் 35 மூட்டை காணோம்! ஒரு மணி நெல்கூடத் திருடு போகவில்லை, போனது தண்ணீர்.

கையெழுத்துக் கணக்கில் இதைப் பேசித் தீர்க்கக் கொஞ்சம் இடம் இருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் 'குறைவு' என்று வந்துவிட்டால் பேச்சுக்கு ஏது இடம்? பதில் சொல்லப் போவது சென்சார் விற்றவர் அல்ல, கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்.

அப்ப என்னதான் செய்யலாம்? மலிவு சென்சாரை அதற்குத் தெரிந்த வேலைக்கு வைக்கலாம். கதவு எப்போது திறந்தது, தார்ப்பாய்க்குள் வெப்பமும் ஈரமும் எவ்வளவு, பூச்சி பெருகிக் கரியமில வாயு கூடுகிறதா என்பதையெல்லாம் அது நன்றாகவே சொல்லும். எண்ணிக்கையை வாசலில், மூட்டை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எடுக்கலாம். எடையோடு ஈரப்பதத்தையும் பதிந்து, ஈரம் கழித்த எடையை ஒப்பிடச் செய்யலாம்: எடையை (100 − ஈரப்பதம்) ஆல் பெருக்கி 100 ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவே. நிரலில் அது ஒரே ஒரு வரி. அந்த வரி இல்லாத மென்பொருளை எந்தக் கிடங்கிலும் ஏற்றக்கூடாது என்பேன்.