கூப்பனில் பறந்தேன் கோடவுன் தெருவுக்கு!

சொன்னால் நம்பமாட்டீர்கள், விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் கூப்பன் எண்ணைத் தட்டினேன், அவ்வளவுதான், மொத்தத் தொகை என் கண்ணெதிரே சரசரவென்று இறங்கி வெறும் வரியும் கட்டணமும் மட்டும் மிச்சம் நின்றது! என் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி "ஐயோ அம்மா, வந்து பாருங்க!" என்று கத்திவிட்டேன். கத்தாமல் எப்படி இருப்பது?

மலேசியாவில் குருண் என்ற ஊரில் எனக்கு ஒரு சின்னத் துணிக்கடை. ஜெராய் மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்தும் பீடோங் பக்கமிருந்தும் வரும் குடும்பங்கள், மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் பிள்ளைகள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே "அண்ணே, இந்த வருசம் புதுசா என்ன இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். படத்தைப் பார்த்துச் சேலைக்கு ஆர்டர் கொடுத்தால் சரிவராது, துணியைத் தொட்டுப் பார்க்கவேண்டும், அதற்குச் சென்னை போகவேண்டும். அந்தச் செலவை நினைத்தே எத்தனையோ முறை பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

கூப்பன் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறீர்களா? ஒருநாள் வியாபார வேலையாகக் கோலாலம்பூர் போக அலோர்ஸ்டார் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். விமானம் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தாமதம் என்றார்கள். மலேசியாவில் 2016 ஜூலையிலிருந்து விமானப் பயணிகளுக்கென்றே ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பு நடப்பில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தரவேண்டும். 2024 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பணம் கட்டிய அதே வழியில் முழுத்தொகையையும் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணமா, அதைவிடக் கூடுதல் மதிப்புள்ள கூப்பனா என்று முகப்பில் இருந்த பெண் கேட்டதும் என் மண்டைக்குள் பொறி தட்டியது. கூப்பனையே கொடும்மா என்று வாங்கிக்கொண்டு, இடிஎஸ் ரயிலைப் பிடித்துக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கூப்பன் கொடுப்பது நம்மைத் திரும்ப அவர்களிடமே இழுக்கும் தந்திரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆண்டுக்கொருமுறை சுற்றுலா போகிறவருக்கு அது பொருந்தலாம். வியாபாரி எப்படியும் பறந்தே ஆகவேண்டும், அவன் கையில் அது ரொக்கம்தானே! அமெரிக்காவில் இதையே மாபெரும் அளவில் செய்திருக்கிறார்கள். கணினியில் கட்டண விவரங்களை முன்கூட்டியே பரிமாறி விலையை ஒத்துப்போக வைத்தார்கள் என்று டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் முதலிய விமான நிறுவனங்கள்மீது பயணிகள் வழக்குப் போட, அட்லாண்டா நீதிமன்றம் 1993இல் 45.8 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 40.8 கோடி டாலர் தள்ளுபடிக் கூப்பன்கள்! 1988 தொடங்கி 1992 நடுப்பகுதிவரை பறந்தவர்கள் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டார்கள். மாதாமாதம் வேலை விஷயமாகப் பறந்துகொண்டிருந்தவர்கள் கைக்கு அந்தக் கூப்பன்கள் வந்துசேர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள், எனக்கு இங்கே குருணில் உட்கார்ந்துகொண்டே சிலிர்க்கிறது!

சரி, என் பயணத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்துவிட்டதே, 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கியதே, அதில் போகலாமே என்றார்கள் நண்பர்கள். என் கூப்பனுக்கோ கோலாலம்பூர் வழிதான். இருக்கட்டுமே! கற்பனை செய்து பாருங்கள், விடியுமுன் மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன், எதிரே திரிசூலத்தில் மின்ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குகிறேன், சூடாக ஒரு பில்டர் காப்பி, அப்படியே பாரிமுனைக்குள் நுழைந்து கோடவுன் தெருவில் கால் வைத்தால், அப்பப்பா, தலைச்சுமையாகத் துணிக்கட்டுகள், முட்டிமோதும் தள்ளுவண்டிகள், "வாங்க சார், மலேசியாவா, உள்ளே வாங்க" என்று இழுக்கும் குரல்கள், புதுத்துணியின் அந்தக் கஞ்சி வாசனை, திண்டில் சம்மணமிட்டு உட்கார்ந்த முதலாளி ஒவ்வொரு சேலையாக உதறி விரிக்க விரிக்க மயில்கழுத்துப் பச்சையும் அரக்கும் மாம்பழ மஞ்சளும் மடியில் வந்து விழுகின்றன, டிக்கெட்டில் மிஞ்சிய பணம் சட்டைப்பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் எடுங்க, இன்னும் எடுங்க என்கிறேன், அந்தப் பணத்திலேயே திரும்பும் பயணத்துக்குக் கூடுதல் சுமை எடையையும் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிட்டேன், முகப்பில் போய் வாங்கியிருந்தால் எவ்வளவு பிடுங்கியிருப்பார்கள்! மொத்தச் சரக்கு கப்பலில் வரட்டும், தீபாவளிக்கு முதல் பார்வைக்கான சேலைகள் என்னோடு பறந்து வந்தன. சுங்கத்தில் அறிவித்து வரி கட்டி வெளியே வந்தபோது எனக்கு நடக்கத் தோன்றவில்லை, துள்ளத்தான் தோன்றியது.

காலாவதித் தேதி ஒன்று உண்டு, அதை மட்டும் நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள். வேறு குறை எனக்குத் தெரியவில்லை. உங்கள் பழைய மின்னஞ்சல்களைத் துழாவுங்கள், என்றோ ரத்தான பயணத்துக்கு வந்த கூப்பன் ஏதாவது கிடக்கும், இன்று ராத்திரியே தேடுங்கள்! என் கணக்கில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. அதை வைத்து அடுத்து சென்னையில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் சேலம் போய் இளம்பிள்ளைத் தறிகளையே நேரில் பார்த்துவிடப் போகிறேன். தேதியும் பார்த்தாயிற்று.